வைகைக் கரையில் சிறார் விளையாட்டு

1. தோற்றுவாய்

தமிழர் விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகுவோர் ஏறுதழுவல், மற்போர், யானைப்போர், சேவற்போர் ஆகியவற்றையே பெரும்பாலும் முதற்கண் எடுத்துக்கொள்வர். இவை வீரத்தொடு தொடர்புடையன. பலர் கூடிக் கண்டவை. அரசரும் செல்வரும் பரிசில் வழங்கிப் போற்றியவை. ஆதலின் இவற்றிற்குப் பாட்டு உண்டு, சிற்பம் உண்டு, இருந்து காண்பதற்கென எழுப்பிய கட்டடமும் உண்டு. தெருவில் கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்து, மண்ணில் கோடு கிழித்து, ஒற்றைக் காலால் நொண்டி ஆடும் சிறுமிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கோடு அழியும். சில்லு குப்பையிற் சேரும். சிறுமி வீடு திரும்புவாள். வரலாற்றாசிரியன் கைக்கொள்ளத்தக்க தடயம் எதுவும் எஞ்சாதது போலவே தோன்றும்.

எனினும் இச்சிறு விளையாட்டே தமிழ்நாட்டில் இடையறவு மிகக் குறைந்த மரபுகளுள் ஒன்று என்பதை நிறுவ முயல்வது இக்கட்டுரை. ஆராய்ச்சியின் எல்லை மதுரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியும் ஆகும். நடுவிடமாக வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் கொள்ளப்படுகிறது. பிறநாட்டுச் செய்திகளும் பிற ஊர்ப் பாடல்களும் ஒப்புநோக்கும் அளவிற்கே எடுத்தாளப்படும்.

2. கோரிப்பாளையம் காட்டும் சான்றுகள்

மதுரை மாநகரின் பழைய பகுதி வைகையின் தென்கரையில் அமைந்தது. ஆற்றைக் கடந்து வடகரை ஏறியவுடன் எதிர்ப்படும் பகுதி கோரிப்பாளையம். ‘கோர்’ என்னும் பாரசீகச் சொல் கல்லறை எனப் பொருள்படும். ஊர்ப்பெயரை அச்சொல்லொடு தொடர்புபடுத்துவர். 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் நிலவிய சுல்தான்களின் ஆட்சியை நினைவூட்டும் அடக்கவிடங்களைக் கொண்ட தர்கா இங்குள்ளது. பள்ளிவாசலுக்கு அளித்த நிலக்கொடையைக் குறிக்கும் நாயக்கர் காலத்துக் கல்வெட்டும் இவ்விடத்திற்கு உரியது. ஆகவே ஆண்டோர் அடக்கமும் அறக்கொடையும் ஆவணம் பெற்றுள்ளன.

இங்கிருந்து சிறிது தொலைவில் தமுக்கம் உள்ளது. இராணி மங்கம்மாள் காலத்தோடு (1689-1706) இணைத்துப் பேசப்படும் அம்மாளிகை, யானைப்போர் முதலிய காட்சிகளை அரச குடும்பத்தார் இருந்து காண்பதற்குப் பயன்பட்டது என்பர். 1959ஆம் ஆண்டு முதல் அது காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஆக, பெருவிளையாட்டிற்குக் கட்டடம் கிடைத்தது. 1881இல் பசுமலையில் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வடகரைக்கு வந்து சேர்ந்தது. எல்லை வகுத்த ஆடுகளத்தையும் காலம் வகுத்த ஆட்டத்தையும் உடைய புதுமுறைக் கல்வி அதனோடு வந்தது. சித்திரைத் திங்களில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது கூடும் பெருந்திரளும் இக்கரையினதே.

கல்லறை, கல்வெட்டு, மாளிகை, கல்லூரி, திருவிழா ஆகிய ஐந்தும் ஒரு சிற்றெல்லைக்குள் அமைந்து, மூவகைச் சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதி, நகர வரலாற்றை எழுதுவோர்க்கு ஒரு சுருக்க நூல் போன்றது. ஆயின் இவ்வைந்தனுள் எதுவும் அத்தெருக்களில் ஆடிய சிறாரைப் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை. இக்குறையை நிரப்ப இரண்டு சான்றுகள் உதவுகின்றன. ஒன்று பழம்பாட்டு, மற்றொன்று உடைந்த பானை ஓடு.

3. பழம்பாட்டில் சிறார்

சங்கப் புலவர் சிறார் விளையாட்டைத் தனிப் பொருளாகக் கொண்டு பாடினாரல்லர். அகத்திணையில் தலைவியின் இளமையைக் காட்டவும், புறத்திணையில் நாட்டின் வளத்தையோ அழிவையோ காட்டவும் அதனை இடையே எடுத்தாண்டனர். அவ்வாறு நோக்கமின்றி வந்து விழுந்தமையே அச்செய்திகளின் மெய்ம்மைக்கு ஒரு துணை. உவமையாக வருவது கேட்போர்க்கு முன்பே தெரிந்ததாக இருத்தல் வேண்டும். தெரியாததைக் கொண்டு எப்புலவனும் விளக்கம் செய்யான்.

குறுந்தொகை 61ஆம் பாட்டைக் காண்க. தச்சன் செய்த சிறு தேரில் ஏறிச் செல்ல இயலாதாயினும், அதனைக் கையால் இழுத்துச் சென்று மகிழும் இளையோரைத் தும்பிசேர் கீரனார் உவமையாக்குகிறார். தேர் என்பதன் பயன் ஏறிச் செல்லுதல். அப்பயன் இல்லாத தேரிலும் இன்பம் உண்டு என்பதே உவமையின் உயிர். சிறார் விளையாட்டின் இயல்பை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் மனைச் சிறுவர் அத்தகைய தேரை உருட்டித் தளர்ந்து, செவிலியிடம் பாலுண்டு உறங்குகின்றனர். பட்டினப்பாலையிலோ பொன்னணி பூண்ட சிறுவர் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி வருகின்றனர். உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த காதணி அத்தேரின் வழியைத் தடுக்கிறது. இவ்விரு பாட்டும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியன. உழவர் மனையிலும் துறைமுக நகரத்துச் செல்வர் தெருவிலும் ஆட்டம் ஒன்றே. பொன் பெருமிதத்திற்கு உரியதாக மகளிர்க்குத் தோன்றலாம். தேர் உருட்டும் சிறுவனுக்கு அது வழியில் கிடக்கும் தடையே.

மணல் விளையாட்டு இன்னும் விரிவாகப் பேசப்படுகிறது. மணலால் சிறுவீடு கட்டுவது சிற்றில். பாவை செய்து பூச்சூட்டுவது வண்டலயர்தல். ‘வண்டல்’ என்பது ஆற்றுநீர் படிய விட்ட மண்ணையும் குறிக்கும். மகளிர் விளையாட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளும் தொடர்புடையன எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆறு கொணர்ந்து இட்டதே ஆட்டத்திற்குப் பொருளும் ஆயிற்று, பெயரும் ஆயிற்று. ஐங்குறுநூறு 124ஆம் பாட்டில், தன் மணற்பாவையை அலை கவர்ந்துகொள்ளச் சினந்த சிறுமி, நுண்மணலை வாரியெறிந்து கடலையே தூர்க்க முற்படுகிறாள். கலித்தொகை 51ஆம் பாட்டில், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குறும்பன், பின்னாளில் நீர் வேட்டு வருபவனாகத் தோன்றுகிறான். விளையாட்டுப் பகை காதல் நினைவாக மாறும் இப்பாட்டில், சிற்றில் கட்டுதலும் சிதைத்தலும் கேட்போர் எவரும் அறிந்த தெருநிகழ்ச்சியாகவே வைத்துப் பேசப்படுகின்றன.

நற்றிணை 172ஆம் பாட்டு தனித்து நோக்கத்தக்கது. தோழியரொடு ஆடியபோது வெண்மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைத்து மரமாகிறது. தாய் அதனை மகளுக்குத் தமக்கை எனக் கூறுகிறாள். இன்று மதுரைப் பக்கத்தில், நீளக் குவித்த மணலுள் சிறு குச்சியை ஒளித்து வைத்து, மற்றவர் கைகோத்து மூடி அதன் இடத்தைக் கண்டுசொல்லும் ‘கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்’ ஆடப்பட்டு வருவதை இங்கு நினைக்கலாம். நற்றிணை கூறும் ஆட்டம் இதுவே என்று துணிதல் முறையன்று. பாட்டு ஆட்டத்தின் பெயரையோ விதியையோ உரைக்கவில்லை. மணல், மறைப்பு, சிறு பொருள், கூட்டு ஆகிய நான்கும் இரண்டிற்கும் பொது என்ற அளவில் நிற்றலே ஆராய்ச்சிக்கு அழகு.

புறநானூற்றில் மூன்று பாடல்கள் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதன. முதலாவது, பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய 188ஆம் பாட்டு. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் உடையராயினும், குறுகக் குறுக நடந்து வந்து, உணவைத் தொட்டும் கவ்வியும் துழந்தும் மேனியெங்கும் சிதறியும் மயக்கும் குழந்தைகள் இல்லாதவர்க்கு வாழ்நாளிற் பயன் இல்லை என்பது அதன் கருத்து. பாண்டிய வேந்தன் ஒருவன் செல்வத்தின் எதிர்த்தட்டில் வைத்து எடையிட்டது, சோற்றைக் கலைக்கும் குழந்தையின் கைவிளையாட்டை. இரண்டாவது, தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டு. கோலூன்றி இருமி நிற்கும் முதியவர், மணற்பாவைக்குப் பூச்சூட்டியதையும், நீரை ஒட்டித் தாழ்ந்த மருதக் கிளையேறி, கரையிலிருந்தோர் வியக்க நெடுநீரில் பாய்ந்து மூழ்கி, அடிமணலை எடுத்துக் காட்டியதையும் நினைந்து இரங்குகிறார். வாழ்நாள் முழுவதிலும் அவர் நெஞ்சில் எஞ்சிய செல்வம் ஒரு பிடி மணல்.

மூன்றாவது 36ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியது. சிறுமியர் கழங்காடும் ஆன்பொருநையின் வெண்மணல் சிதைய, கரையிலுள்ள காவன்மரங்களைக் கோடரி வீழ்த்துகிறது. அவ்வோசையைக் கேட்டும் கோட்டைக்குள் அடங்கியிருக்கும் வேந்தனொடு போர்செய்தல் நாணத்தக்கது என்கிறார் புலவர். படையெடுப்பின் அழிவைக் கூறவந்தவர் சிறுமியர் ஆடும் மணலை முதலில் நினைத்தார் என்பது கருதத்தக்கது. ஆடுமிடம் அழிவது நாட்டின் அழிவிற்கு அளவுகோலாயிற்று.

4. ஓடு கூறும் சான்று

பாட்டினால் அறியப்பட்டதற்கு மண்ணிலிருந்து ஒரு துணைச்சான்று மதுரைக்கு அணித்தே கிடைத்துள்ளது. நகரின் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கீழடி. நடுவண் அரசின் தொல்லியல் துறை 2014-15இல் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. 2017-18 முதல் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. கரிமக் காலக்கணிப்பால் அவ்வூரின் வாழ்வு கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை செல்வதாக 2019இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. எழுத்துப் பொறித்த ஓடுகளும் செங்கற் கட்டுமானங்களும் பெரிதும் பேசப்பட்டன. அவ்வறிக்கையிலேயே, பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த ஏறத்தாழ 600 சில்லுகளும், சுடுமண்ணால் ஆன 80 ஆட்டக்காய்களும் இடம்பெற்றன. தாயக்கட்டைகளும் அவ்வூரில் கிடைத்துள்ளன.

வட்டச் சில்லுகள் யாவும் பாண்டியாட்டச் சில்லுகளே எனல் மிகை. வட்ட ஓடு சிறு கலத்திற்கு மூடியாகலாம், எண்ணுதற்குரிய காயாகலாம், நடுவே துளையுடையதாயின் நூல் நூற்கும் தக்களியின் உறுப்பாகலாம். சிந்துவெளி ஊர்களிலும் இத்தகைய ஓட்டு வட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றை அடுக்கி எறியும் ஆட்டத்திற்குரியன எனக் கருதுவாரும் உளர். எனவே ஒவ்வொரு சில்லையும் துளையின்மை, விளிம்பின் தேய்வு, கைக்கும் காலுக்கும் ஏற்ற அளவு, கிடைத்த இடம் வீட்டுப்பகுதியா தொழிற்பகுதியா என்பன கொண்டு தனித்தனியே ஆராய்தல் வேண்டும். இவ்வெச்சரிக்கையொடு நோக்கினும், இத்துணை மிகுதியாகக் கிடைத்தவற்றுள் ஒரு பகுதியேனும் விளையாட்டிற்கு உரியது என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. பயன்தீர்ந்த கலம் உடைந்தபின் இரண்டாம் பிறவி எடுத்துச் சிறார் கைக்கு வந்தது. ஓடு கிடைக்கும் தெருக்களில் பாண்டியாடும் சிறுமி அதே செயலைச் செய்கிறாள்: உடைந்ததை எடுக்கிறாள், விளிம்பைக் கல்லில் தேய்க்கிறாள், கட்டத்துள் எறிகிறாள்.

5. ஆட்டம் பாட்டு வடிவானமை

சங்க காலத்திற்குப் பின் சிறார் விளையாட்டு மறைந்துவிடவில்லை; இலக்கிய வடிவமாக உயர்ந்தது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவை உள்ளன. மதுரையை அடுத்த திருவாதவூரில் தோன்றிய மாணிக்கவாசகர், அம்மானை, சாழல், தெள்ளேணம், தோணோக்கம், உந்தி, பொன்னூசல் என மகளிர் ஆட்டங்களின் பெயராலும் வடிவாலுமே திருவாசகப் பகுதிகளை அமைத்தார். கோயில் தத்துவம் தெருவாட்டத்தின் தாளத்தைக் கடன்கொண்டது. அவ்வாட்டங்கள் மக்கள் வாயில் வழங்கியிராவிடில் அவ்வாறு அமைத்தற்குக் காரணம் இல்லை.

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். ஆண்டாள் சிற்றில் சிதைக்க வேண்டா என்னும் சிறுமியர் வேண்டுதலைப் பத்திப் பனுவலாக்கினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தோன்றியது. பத்துப் பருவங்களுள் ஆண்பாற்கு இறுதி மூன்றாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை அமைந்தன. பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் அமைந்தன. சங்கப் பாட்டில் போகிறபோக்கில் வந்த சிற்றிலும் சிறுதேரும் இலக்கண வரம்பாயின. பிள்ளைத்தமிழ்ப் புலவன் பாட்டுடைத் தலைவன் கடவுளாயினும் வேந்தனாயினும் அவனை மணல்வீட்டின் முன் கொணர்ந்து நிறுத்தியே தீரவேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. மதுரையில் அம்மரபின் முடிமணி குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். திருமலை நாயக்கர் (1623-1659) முன்னிலையில் அது அரங்கேறியபோது அம்மையே சிறுமியாக வந்து முத்துமாலை அளித்தாள் என்பது செவிவழிச் செய்தி. வரலாற்று உண்மையாக அன்றி மக்கள் மனப்பாங்கின் சான்றாக அதனைக் கொள்ளலாம்.

மதுரைத் தலபுராணத்தின் பெயரும் இங்குக் கருதத்தக்கது. இறைவன் செயல்கள் அறுபத்துநான்கும் ‘திருவிளையாடல்’ எனப்பட்டன. அவற்றுள் மண்சுமந்த படலம் வைகைக் கரையிலேயே நிகழ்கிறது. வந்தியின் கூலியாளாக வந்த இறைவன் பிட்டை உண்டு, கரையடைக்கும் வேலையை விட்டு ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லார் முதுகிலும் படுகிறது. வேலைக்கு நடுவே விளையாடியவனை அடித்தல் உலகனைத்தையும் அடித்தலாகும் என ஊர்க்கதை ஒன்று அமைந்து, ஆண்டுதோறும் ஆவணித் திருவிழாவில் நடித்துக் காட்டப்பெறுவது மதுரையின் தனிச்சிறப்பு.

6. அண்மைக் காலத்து மாற்றங்கள்

19, 20ஆம் நூற்றாண்டுகளில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, பள்ளிக்கூட விளையாட்டு. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் ஆட்டம், அணிவகுப்பு, நடுவர், பரிசு என்பன ஐரோப்பியக் கல்விமுறையொடு வந்தன. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதற்குரிய ஆசிரியரைப் பயிற்றுவித்தது. இதனால் விளையாட்டு என்ற சொல்லே இருபொருள் பெற்றது. ஆசிரியர் கற்பிப்பது ஒன்று. சிறார் தமக்குள் கற்பது மற்றொன்று. முன்னதற்குப் பாடநூலும் பதிவேடும் அமைந்தன. பின்னது பழையபடியே வாய்மொழியாக நின்றது.

மற்றொன்று, புதுப்பொருள் வரவு. கண்ணாடிக் கோலிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமனியில் மிகுதியாகச் செய்யப்பட்டு உலகெங்கும் பரவின. 1872இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் உரிமம் பெற்ற, கழுத்தில் கண்ணாடிக் குண்டு அமைந்த புட்டி, தமிழ்நாட்டில் ‘கோலிச் சோடா’ ஆயிற்று. புட்டி உடைந்தால் உள்ளிருந்த குண்டு சிறுவர் கைக்குச் சேரும். கீழடியில் உடைந்த பானைக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. தேய்ந்த மிதிவண்டி டயர் உருட்டும் வளையமாயிற்று. நுங்கைத் தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூந்தல் இரண்டும் ஒரு குச்சியும் கவைக்கோலும் சேர்ந்து நுங்கு வண்டியாகும். தச்சன் செய்யாத சிறுதேர் அது.

பெயர்களும் வரலாறு பேசும். ‘கோலி’, ‘கில்லி’ என்பன இந்துத்தானியிலும் பிற மொழிகளிலும் வழங்குவன. ‘குண்டு’, ‘கிட்டிப்புள்’ என்பன அவற்றோடு ஒருங்கே தமிழில் வழங்குவன. பல மொழியும் பல சமயமும் கலந்து வாழும் கோரிப்பாளையம் போன்ற பகுதிகளில் ஒரே ஆட்டத்திற்கு இரு பெயர் நிலவுதல் இயல்பு. பெரியோரிடத்துச் சமயத்தால் பிரிந்து நிற்கும் சொற்கள், குழியை நோக்கிக் குண்டெறியும் சிறாரிடத்துக் கலந்துவிடுகின்றன. பழைய கழங்கு இப்பகுதியில் சொட்டாங்கல், தட்டாங்கல் எனப்படுகிறது. ஐந்து கல்லை எறிந்து புறங்கையில் ஏந்தும் ஆட்டம் பண்டைக் கிரேக்கரிடமும் இருந்தது. குழிப்பலகையில் காயிட்டு ஆடும் பல்லாங்குழியின் இனம் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவியுள்ளது. எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் வினாவினும், சிறார் எங்கும் கல்லையும் விதையையுமே தேர்ந்தனர் என்னும் உண்மை நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது.

இவ்விளையாட்டுகளை முறைப்படத் தொகுத்த பெருமை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர்க்கு உரியது. 1954இல் வெளிவந்த அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’, ஆண்பால், பெண்பால், இருபால் எனவும், பகலாட்டு, இரவாட்டு எனவும் பகுத்துரைக்கிறது. இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி இணையர் பள்ளிச் சிறாரின் வழக்காறுகள் பற்றிய தம் பெருநூலை 1959இலும், தெருவாட்டங்கள் பற்றிய நூலை 1969இலும் வெளியிட்டனர். பாவாணர் நூல் அவற்றிற்கு முற்பட்டது என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளல் தகும். ஓவியத்தில் இதற்கு முன்னோடி பீட்டர் புரூகல். 1560இல் அவர் தீட்டிய படத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட சிறார் விளையாட்டுகள் ஒரே நகர வெளியில் காட்டப்பட்டுள்ளன.

7. நிலைபேற்றின் காரணம்

அரசுகள் மாறின, சமயங்கள் வந்து கலந்தன, யானைப்போர் ஒழிந்தது. சிற்றிலும் சில்லும் கழங்கும் ஒழியாமைக்குக் காரணம் யாது? மூன்று கூறலாம்.

முதலாவது, கருவியின் எளிமை. விலைகொடுத்துப் பெறும் பொருள் வணிகம் தடைப்பட்டால் அற்றுப்போகும். மணலுக்கும் ஓட்டிற்கும் புளியங்கொட்டைக்கும் அத்தடை இல்லை. வரலாற்றில் இவ்வாட்டங்கள் பதிவு பெறாமைக்கும், வாழ்வில் அவை அழியாமைக்கும் காரணம் ஒன்றே.

இரண்டாவது, கற்பிக்கும் முறை. பத்து வயதுச் சிறுமி எட்டு வயதுச் சிறுமிக்குக் கற்பிக்கிறாள். இரண்டாண்டில் அவள் அடுத்தவளுக்குக் கற்பிக்கிறாள். ஆசான் மாணவன் இடைவெளி இங்கு ஓரிரண்டு ஆண்டே. பெரியோர் துணை இன்றியே மரபு ஓடுகிறது; ஓப்பி இணையர் இங்கிலாந்திற் கண்டதும் இதுவே. தோற்றவனை ஆட்டத்திலிருந்து எப்போது நீக்குவது, அழுதவனுக்கு எப்போது விட்டுக்கொடுப்பது என்பனவற்றையும் சிறார் தாமே வகுத்துக்கொள்கின்றனர்.

மூன்றாவது, பயன் கருதாமை. விளையாட்டு தன்னின் வேறான பயனை நாடாது என்பதை ஹூய்சிங்கா 1938இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்தார். ஏறமுடியாத தேரை இழுத்து மகிழும் குறுந்தொகைச் சிறுவர் அக்கருத்தின் பழைய வடிவம். இன்பம் தேரில் இல்லை, இழுப்பதில் உள்ளது.

இங்கு ஒரு தடை எழலாம். வறிய சிறார் ஓட்டையும் மணலையும் கொண்டு ஆடுவது வேறு பொருள் இன்மையால் அன்றோ? அதனைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதோ? வினா நேர்மையானது, விடையும் சான்றிலேயே உள்ளது. பட்டினப்பாலைச் சிறுவர் பொன்னணி பூண்டவர். புறநானூற்றுச் சிறுமியர் பொன்னாற் செய்த கழங்கும் உடையவர். ஆயினும் அவர்தம் ஆட்டம் உழவர் சிறாரின் ஆட்டத்தினின்று வேறானது அன்று. எளிய பொருளை நாடுவது சிறார் இயல்பு. வறுமை அதற்குக் காரணம் அன்று. வறுமை செய்வது வேறொன்று: அது விளையாட்டிற்குரிய பொழுதைப் பறிக்கும். தொழிலுக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்கு ஓட்டுச் சில்லு கிடைக்கும். ஆடும் மாலைப்பொழுது கிடைப்பதில்லை. எனவே எளிய விளையாட்டிற்கு வேண்டியன பொருள் அல்ல. இடமும் பொழுதும் துணைவருமே.

8. இடமும் பொழுதும் இன்று

இம்மூன்றும் இன்று குறைகின்றன. வெள்ளம் வடிந்தபின் மாதக்கணக்கில் மணற்பரப்பாகக் கிடந்த வைகை, நகரச் சிறார்க்கு விலையில்லா ஆடுகளமாக இருந்தது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபின் நீரோட்டம் நெறிப்படுத்தப்பட்டது. மணல் அள்ளப்பட்டமையாலும், கழிவுநீராலும், முட்புதராலும் நகரப் பகுதியில் ஆற்றுப்படுகை ஆடுதற்குரிய இயல்பை இழந்து வந்துள்ளது. இரு கரையிலும் சாலைகள் அமைந்தன. கோரிப்பாளையமோ நகரின் பெரும் போக்குவரத்துச் சந்திகளுள் ஒன்று. வண்டிகள் ஓயாத தெருவில் பாண்டிக் கட்டம் கிழிக்க இயலாது. சிமிட்டி மூடிய சந்தில் குண்டு விழுவதற்குக் குழி தோண்ட இயலாது. பள்ளிக்குப்பின் தனிப்பயிற்சியும், வீட்டுக்குள் கைபேசியும் எஞ்சிய மாலையைக் கொள்கின்றன.

சட்டம் இதனை முற்றும் மறந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாடுதலைக் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. ஆயினும் சட்டம் காப்பது பள்ளி எல்லைக்குள் உள்ள இடத்தை. நாம் ஆராய்ந்த ஆட்டங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் தெருவிலும் ஆற்றிலும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சிற்றில், சிறுதேர், கழங்கு, சில்லு ஆகிய எளிய விளையாட்டுகள் வைகைச் சமவெளியிலும் பிற தமிழ்ப் பகுதிகளிலும் பாட்டாலும் பொருளாலும் இரண்டாயிரம் ஆண்டிற்குக் குறையாத தொடர்ச்சி உடையன. அத்தொடர்ச்சி அரசு காத்ததன்று. சிறார் தாமே காத்தது. செல்வ வேறுபாட்டையும் சமய வேறுபாட்டையும் கடந்து அது நின்றது. இதற்கு முன் நேர்ந்த மாற்றங்கள் கருவியை மாற்றின. ஓடு போய்க் கண்ணாடி வந்தது. இன்று நேரும் மாற்றம் ஆடும் இடத்தையே நீக்குகிறது. முன்னதனைச் சிறார் எளிதில் வென்றனர். பின்னதனை அவர் தனித்து வெல்லுதல் அரிது.

தமிழ்த்துறை மாணவர்க்கு இதனால் உடனடிக் கடமை ஒன்று உண்டு. மதுரையின் ஒவ்வொரு பகுதியிலும் இன்னும் ஆடப்படும் விளையாட்டுகளின் பெயர், கருவி, இடம், விதி, தோற்றோர் செய்வது, கற்பித்தவர் வயது ஆகியவற்றைத் தெருவாரியாகத் தொகுத்தல் வேண்டும். சிறாரையே ஆசிரியராகக் கொண்டு கேட்டல் வேண்டும். முதியோர் நினைவு அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது. தொல்லியலார் அகழ்ந்தெடுத்த சில்லுகளையும் தெருவில் தேய்க்கப்படும் சில்லுகளையும் அளவாலும் தேய்வாலும் ஒப்பிடுதல், கீழடிச் சில்லுகளின் பயனைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க நேரிய வழியாகும். அவ்வொப்பீட்டிற்கு, சில்லைத் தேய்க்கும் சிறுமியரும் அவர் ஆடும் தெருவும் நமக்கு இன்னும் வேண்டும்.